ஹெச்.ஐ.வி. பாதித்த சகோதரிகள்: மாத்திரை கிடைக்கிறது, சாப்பாடு?

காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களின் வங்கிக் கணக்கில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் போட்டு வந்த மத்திய அரசு, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. திட்டம் தொடங்கியது 2018-ல். உணவில்லாத உடம்பில் மருந்து மட்டும் தனியாக நின்று வேலை செய்யாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. சென்னையில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வின் முடிவும் 2023-ல் வெளிவந்தது. காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்ததில், அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது.

இதே நியாயம் ஹெச்.ஐ.வி.க்கும் பொருந்தும். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாக இருப்பதே காசநோய்தான். ஆனால் ஹெச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான இப்படியொரு உணவுத்தொகை கிடையாது. பக்கத்து மாநிலமான ஆந்திராவில் ஏ.ஆர்.டி. மருந்து எடுப்பவர்களை ஓய்வூதியப் பட்டியலில் தனிப் பிரிவாகவே வைத்து, 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக 2009-ல் அமைக்கப்பட்ட அறக்கட்டளை இருக்கிறது. விதவைகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய் ஓய்வூதியம் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே விழுந்துபோகிற பெண்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

பவானியிலும் அதைச் சுற்றியும் இருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில். அதற்கடுத்த ஆண்டுகளில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கொங்கு மண்டலத்தின் பெயரும் சேர்ந்தே வந்தது. காரணம் லாரித் தொழில். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று இந்த வட்டாரமே சக்கரத்தின் மேல் பிழைக்கிறது. சேலம் - கோவை நெடுஞ்சாலை நம் லட்சுமி நகரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் போகிற ஆண்கள். அவர்கள் கொண்டுவந்த தொற்று. எதுவும் அறியாமல் அதை வாங்கிக்கொண்ட மனைவிகள். லாரி ஓட்டுகிறவரெல்லாம் அப்படி என்று சொல்வது அநியாயம், நாம் அதைச் சொல்லவில்லை. ஆனால் நம் நாட்டில் இந்தத் தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு அது நிக்காஹ் செய்துகொண்ட கணவன், தாலி கட்டிய கணவன் வழியாகவே வந்தது என்பதை மறந்துவிட்டு அவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அவதூறின் எல்லையில் நிற்கிறார்கள்.

நாமக்கல்லில் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தொற்றுக்கு ஆளான பி. கௌசல்யா என்ற பெண்மணி, 1998-ல் வேறு சில பெண்களுடன் சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசிய முதல் தலைமுறைப் பெண்களில் அவர் ஒருவர். அன்றைக்கு அவர்கள் கேட்டது மருந்து. அது கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியது. 2017 முதல், தொற்று உறுதியான எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்த்துக் காத்திராமல் உடனே மருந்து என்றானது. இன்று பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. அதை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், தாம்பத்திய உறவின் மூலம் மற்றவருக்குப் பரவாது. கர்ப்பிணி ஒழுங்காக எடுத்தால் குழந்தைக்குத் தொற்று வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

எல்லாம் அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில் தொங்குகிறது. மருத்துவர்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல் 95 சதவீதம். மாதம் முப்பது மாத்திரையில் இரண்டு தவறினாலே அந்த அளவுக்குக் கீழே போய்விடும். தொடர்ந்து விட்டுவிட்டு எடுத்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு வேறு மருந்துக்கு மாற வேண்டும். அதுவும் இலவசம்தான், ஆனால் மாற்றுவதற்கு இருக்கும் வகைகள் குறைவு.

ஏன் தவறுகிறது? மறதி, அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. பசி என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி 2011 முதல் இலவசமாகக் கிடைக்கும்போது யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான், பானையில் சோறு இருக்கிறது. சோற்றோடு என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ரேஷனில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இரண்டு பிள்ளைகளும் வயதான மாமியாரும் இருக்கும் வீட்டில் அந்த ஒரு கிலோ பருப்பு எத்தனை நாளைக்கு வரும்? மீதி நாட்களில் ரசம், ஊறுகாய், வெங்காயம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு, பெற்றவளுக்கு இல்லை. இந்தியா முழுவதும் முட்டை அனுப்புகிற நாமக்கல் நமக்கு ஆற்றின் அக்கரை மாவட்டம் என்பது வேறு விஷயம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் பெண். அவள் தட்டுக்கு வரும்போது குழம்பு சட்டியின் அடியில் இருக்கும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இது ஆரோக்கியமானவர்களையும் சேர்த்த கணக்கு.

ஹெச்.ஐ.வி. உள்ள உடம்பு, வெளியே எந்த அறிகுறியும் இல்லாதபோதே, மற்றவர்களைவிட சுமார் 10 சதவீதம் கூடுதல் சக்தி கேட்கிறது. நோய் முற்றிய நிலையில் 20 முதல் 30 சதவீதம் வரை. மருந்து வேலை செய்யத் தொடங்கி உடம்பு தேறும்போது பசி அதிகமாகும். "மாத்திரை போட்டா பசி தாங்க முடியலீங்க" என்று ஒரு பெண் சொன்னால், அது மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான நல்ல அறிகுறி. ஆனால் வீட்டில் சாப்பிட எதுவும் இல்லாதவளுக்கு அந்த நல்ல அறிகுறியே வேதனை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்ற பயம் வேறு. இப்போது தரப்படும் டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரையைச் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். இருந்தும் 'சோறு தின்னுட்டுத்தான் மாத்திரை' என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய நம் பெண்களுக்கு, சோறு இல்லாத நாள் மாத்திரையும் இல்லாத நாளாகிவிடுகிறது. இதைத் திருத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆலோசகர்கள் சொல்கிறார்கள். ஆனால் சொல்லால் வயிறு நிறையாது.

பிறகு கூலி. ஜமக்காளத் தறிக்குத் தார் சுற்றுகிறவள், குமாரபாளையம் விசைத்தறியில் வேலைக்குப் போகிறவள், சாயப்பட்டறையில் நூல் உலர்த்துகிறவள் யாருக்கும் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. ஈரோடு மையத்துக்கு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, 2021 முதல். ஆனால் வரிசையில் நின்று, பரிசோதனை முடித்து, மாத்திரை வாங்கித் திரும்பும்போது அன்றைய கூலி போய்விட்டது. அறிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று பக்கத்து மையத்தை விட்டுவிட்டு சேலத்துக்கோ கோவைக்கோ போகிறவர்களுக்கு பஸ் செலவும் சேரும். நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துத் தரும் ஏற்பாடு வந்திருப்பது பெரிய நிம்மதி. அதற்குத் தகுதி பெறவே சில மாதம் தவறாமல் வந்திருக்க வேண்டும். தடுமாறிக்கொண்டிருப்பவளுக்கு அந்த வசதி கடைசியில்தான் கிடைக்கும்.

உணவு கொடுத்தால் உண்மையில் மாறுமா? ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் 2004-05-ல் பார்த்தார்கள். உணவுப் பொருளும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட நோயாளிகளில் 70 சதவீதம் பேர் அந்த 95 சதவீத அளவை எட்டினார்கள். கொடுக்கப்படாதவர்களில் 48 சதவீதம் பேர். தான்சானியாவின் ஷின்யாங்கா பகுதியில் சிலருக்கு உணவுப் பையும் சிலருக்கு அதே மதிப்புக்குப் பணமும் ஆறு மாதம் வரை கொடுத்தார்கள். பணம் பெற்றவர்களில் 85 சதவீதம், உணவு பெற்றவர்களில் 79, ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 63 சதவீதம் பேர் மருந்தைத் தவறவிடாமல் வாங்கியிருந்தார்கள். நமக்கு அருகே ஆந்திராவின் கிராமங்களில், அமெரிக்க ஆய்வாளர் அடலின் நியமத்தியும் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களும் பெண்களிடம் மட்டுமே ஓர் ஆய்வு செய்தார்கள். ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பதும் புரதச் சத்துள்ள உணவும் சேர்ந்து கிடைத்தவர்களிடம் மருந்து ஒழுங்கும் சிடி4 எண்ணிக்கையும் கூடுதலாக முன்னேறின. எல்லா ஆய்வும் ஒரேபோலச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். மேற்குக் கென்யாவில் விவசாயக் குடும்பங்களுக்குக் கடனும் நீர் இறைக்கும் பம்பும் கொடுத்தபோது வீட்டில் உணவு கூடியது. வைரஸ் கட்டுப்பாட்டில் மற்ற குழுவை மிஞ்சிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே இரண்டு தரப்பிலும் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தை ஒழுங்காகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, தடுமாறுகிறவளுக்குத்தான் உணவு கைகொடுக்கிறது.

இங்கே வேறொரு முடிச்சு இருக்கிறது. உதவி கேட்க வேண்டுமானால் நோயைச் சொல்ல வேண்டும். 2009-லேயே மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள ஹெச்.ஐ.வி. பாதித்த குடும்பங்களுக்கு 35 கிலோ அரிசி தரும் அந்த்யோதயா அட்டையில் முன்னுரிமை கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. உத்தரவு நல்லது. ஆனால் ஒரு சிற்றூர்ப் பெண் வட்ட வழங்கல் அலுவலகத்தின் கவுண்டரில் நின்று, பின்னால் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்க, எந்தக் காரணத்துக்காக இந்த அட்டை வேண்டும் என்று எப்படிச் சொல்வாள்? 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருடைய தொற்று நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதைத் தடை செய்கிறது. வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ விரட்டுவதையும் தடை செய்கிறது. புகார் கேட்க மாநிலத்துக்கொரு குறைதீர் அதிகாரி வேண்டும் என்கிறது. சட்டத்தால் கவுண்டர் ஊழியரின் வாயை மூடலாம். பின்னால் நிற்கும் பத்துப் பேரை என்ன செய்வது?

நம் மஹல்லாவிலும் இதே வரிசைதான். ரமளானில் பையும் போட்டோவும், சில இடங்களில் வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியலும். ஏன் உனக்கு வேண்டும், கணவருக்கு என்ன ஆனது, எதில் மவுத்தானார் என்ற விசாரணை. அக்கறையோடு கேட்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மற்ற விதவைக்கு வெறும் கேள்வியாக இருப்பது இவளுக்குப் பொறி. கேள்விக்குப் பயந்து அவள் வரிசைக்கே வரமாட்டாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயது வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்று அல்குர்ஆன் வகுத்ததில் முதலிடம் வறியவர்களுக்கும் தேவையுடையவர்களுக்கும். அவர்களுடைய நோயின் பெயரை அங்கே எங்கும் கேட்கவில்லை. கொடுப்பவருக்கு நிய்யத் போதும். இது ஜகாத் என்று பெறுபவரிடம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ள சட்டம். ஆகவே நம் பைத்துல்மால்களுக்கு ஒரு யோசனை: ஹெச்.ஐ.வி. உதவி என்று தனியாக எதையும் தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கிய அன்றே அதை வாங்க ஆள் வராது. 'மாதாமாதம் மருந்து வாங்குவோருக்கான உதவி' என்று ஒரே பெயரில் வையுங்கள். சர்க்கரை, சிறுநீரகம், இதயம், காசநோய், வலிப்பு எல்லாம் அதில் அடங்கும். மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள், வாய்ச்சொல் போதும். நூறு பேர் வாங்கும் பட்டியலில் இரண்டு பேர் என்ன நோய்க்காக வாங்குகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பொய் சொல்லி யாராவது வாங்கிவிட்டால்? வாங்கட்டுமே. ஏழை என்று நம்பிக் கொடுத்த ஜகாத்துக்குப் பொறுப்பு நிறைவேறிவிடுகிறது. நமக்குப் போவது இரண்டு கிலோ பருப்பு.

ஜகாத் ரமளானில்தானே வரும், மாதாமாதம் எங்கே போவது என்று முத்தவல்லிகள் கேட்பது நியாயமான கேள்வி. ஜகாத்தின் ஆண்டுக் கணக்கு ரமளானோடு கட்டப்பட்டதல்ல. ஒவ்வொருவருக்கும் அவரவர் நிஸாப் நிறைந்த நாளிலிருந்து ஓடுவது. அடுத்த ஆண்டின் ஜகாத்தை முன்கூட்டியே தவணையாகக் கொடுத்து வருவதை ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபிலும் அனுமதித்திருக்கிறார்கள். ஜவுளிக் கடைக்காரர், தறி முதலாளி, மளிகைக்காரர் என்று பத்துப் பேர் மாதம் ஒரு தொகை என்று முன்வந்தால் ஒரு மஹல்லாவின் பட்டியலை ஓட்டிவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: ஹனஃபி சட்டப்படி ஜகாத்தைப் பெறுபவரின் உடைமையாக்க வேண்டும். பொருளாகக் கொடுத்தாலும் பணமாகக் கொடுத்தாலும் அது நிறைவேறும். பணத்தையே நாம் விரும்புகிறோம். தான்சானியா கணக்கு ஒரு காரணம். பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு காரணம். குடிக்கிற கணவனோ பிடுங்குகிற மைத்துனனோ இருக்கும் வீட்டில் மட்டும் பருப்பு, நிலக்கடலை, முட்டை, எண்ணெய் என்று பொருளாகப் போகட்டும். கொண்டுபோய்க் கொடுப்பது பெண்கள் மதரஸாவின் உஸ்தாத்பீயாக இருந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு வரவும் முடியும். ஆந்திர ஆய்வில் உணவோடு சேர்ந்து வேலை செய்தது அந்த விசாரிப்புதான்.

இத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவர் இதே நோயில் இறந்து, நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் பெண், மருந்துக்கு வெளியே போகலாமா என்று தயங்கி நிறுத்திவிடக்கூடாது. கணவனை இழந்து இத்தா இருப்பவள் தேவைக்காகப் பகலில் வெளியே போகலாம் என்பதுதான் சட்டம். ஹிதாயா அதற்குச் சொல்லும் காரணத்தைக் கவனித்தால் நம் முன்னோர்களின் எதார்த்தம் புரியும்: இறந்தவரின் சொத்திலிருந்து இத்தா காலத்துக்கு அவளுக்கு ஜீவனாம்சம் இல்லை, ஆகவே பிழைப்பைத் தேட அவள் போக வேண்டியிருக்கும். சாப்பாட்டை வைத்தே அந்தச் சலுகையைப் பேசியிருக்கிறார்கள். இத்தா வீட்டுக்கு முதல் மூன்று நாள் சமைத்து அனுப்பும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மீதி நான்கு மாதத்துக்கும் உலை கொதிக்கிறதா என்று பார்ப்பது அந்த மஹல்லாவின் கடமை.

ரமளான் நெருங்கும்போது வரும் கேள்வி, நோன்பு வைக்கலாமா என்பது. நாளுக்கு ஒரு மாத்திரை எடுப்பவர், உடல் தேறியிருந்து மருத்துவரும் சம்மதித்தால், நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டு வைக்கலாம். எடை குறைந்தவர், காசநோயும் சேர்ந்திருப்பவர், கர்ப்பிணி, மருத்துவர் வேண்டாம் என்று சொன்னவர் ஆகியோர் சலுகையை எடுத்துக்கொள்ளட்டும். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை ஊருக்குப் பயந்து மறுக்க வேண்டியதில்லை. ஏன் நோன்பு வைக்கவில்லை என்று ஒரு பெண்ணிடம் கேட்பது எப்போதுமே முறையல்ல. அட்டாசனாவிர் போன்ற இரண்டாம் கட்ட மருந்தில் இருப்பவர்கள் அதை உணவோடுதான் எடுக்க வேண்டும், ஆகவே இஃப்தாருக்குப் பின்னான சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டோலுடெக்ராவிரையும் அதையும் சாப்பாட்டுடன் சேர்த்து எடுக்கலாம். வெறும் வயிற்றில் என்றால் டோலுடெக்ராவிரை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்கு. மையத்துக்கு நேரில் போய்க் கேட்கத் தயங்குபவர்கள் 1097 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணில் பெயர் சொல்லாமல் கேட்கலாம்.